உலர்சலவைக் கூடம் நடந்த கட்டடம்: நீர் அறிக்கை "சுத்தம்" என்கிறது, மண்வாயுவையும் பார்க்க வேண்டுமா?

பதிவு 1 · மனைதேடி

அனைவருக்கும் வணக்கம். நான் வாங்க எண்ணியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் உலர்சலவைக் கூடம் நடந்திருக்கிறது. அது மூடப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. தளம் இப்போது காலியாகக் கிடக்கிறது. அதைக் குடியிருப்பாக மாற்றுவது என் திட்டம்.

விற்பவர் தரப்பில் ஓர் ஆய்வறிக்கை தந்திருக்கிறார்கள். மூன்று கண்காணிப்புக் கிணறுகளில் எடுத்த நீரில், இரண்டில் உலர்சலவைக் கரைப்பானான பெர்குளோரோஎத்திலீன் கண்டறியப்படவில்லை. மூன்றாவதில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் இருந்தது. கட்டடத்துக்கு வெளியே 1.5 மீட்டர் ஆழத்தில் எடுத்த ஒரேயொரு மண்வாயு மாதிரியிலும் ஒன்றும் இல்லை. "கவலைக்குரிய மாசு இல்லை" என்று அறிக்கை முடிகிறது. இதை நம்பிக் கையெழுத்திடலாமா, இன்னும் ஏதேனும் கேட்க வேண்டுமா?

பதிவு 2 · களத்துமேடு

முடிவுரையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மாதிரி எடுத்த அன்று களத்தில் எழுதிய குறிப்புத் தாள்களைக் கேட்டு வாங்குங்கள். குறிப்பாக மண்வாயு மாதிரிக்கான தாளை. காரணத்தைச் சொல்கிறேன்.

மண்வாயு மாதிரியில் பிழை நேர்ந்தால் அது பெரும்பாலும் நல்ல செய்தியாகவே வெளிப்படும். நாம் மண்ணுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சுகிறோம். அந்த உறிஞ்சல் எளிதான வழியைத் தேடும். குழாயைச் சுற்றியுள்ள அடைப்பில் ஒரு கீற்று இருந்தால் போதும், மேலிருந்து வெளிக்காற்று இறங்கிக் கொள்கலனை நிரப்பிவிடும். ஆய்வகமும் மிகத் துல்லியமாக அந்த வெளிக்காற்றை அளந்து "கண்டறியப்படவில்லை" என்று எழுதித் தரும். ஆய்வகத்தின் மேல் குற்றமில்லை.

ஆகையால் ஒழுங்காகச் செய்பவர்கள் ஒவ்வொரு படியிலும் கசிவைத்தான் தேடுவார்கள். துளையின் அடியில் குழாயின் நுனியை வைத்து, அதைச் சுற்றி 30 செ.மீ. அளவுக்கு மணல் போடுவார்கள். அதன்மேல் உலர்ந்த பென்டோனைட் களிமண் குருணை, அதற்கும் மேல் நீரில் ஊறி உப்பிய பென்டோனைட். உலர்ந்த அடுக்கு எதற்கென்றால், மேலே ஊற்றும் நீர் மணலுக்குள் இறங்கி நுனியை அடைத்துவிடாமல் இருக்கத்தான். துளைத்தபோது கலைந்த மண்வாயு பழைய நிலைக்குத் திரும்ப நேரம் கொடுக்க வேண்டும். கலிபோர்னிய மாநில வழிகாட்டி, அழுத்தி இறக்கிய குழாய்க்குக் குறைந்தது 2 மணி நேரமும், துருவித் தோண்டிய துளைக்கு 48 மணி நேரமும் காத்திருக்கச் சொல்கிறது. குழாய் நைலானாகவோ டெஃப்லானாகவோ இருக்க வேண்டும். சாதாரண பாலித்தீன் குழாயும் சிலிக்கோன் குழாயும் ஆவியைத் தாமே உறிஞ்சிக்கொள்ளும்.

அதன்பின் குழாயில் தேங்கிய பழைய காற்றை வெளியேற்ற வேண்டும். 4 மி.மீ. உள்விட்டமுள்ள 2 மீட்டர் குழாயில் சுமார் 25 மி.லி. காற்று நிற்கும். 3 செ.மீ. அகலத் துளையில் 30 செ.மீ. மணல் என்றால், மணலின் இடைவெளிகளில் இன்னொரு 75 மி.லி. ஆகமொத்தம் 100 மி.லி.; அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 300 மி.லி. வெளியேற்றினால் போதும். நிமிடத்துக்கு 200 மி.லி.க்கு மேல் இழுக்கக் கூடாது. அவசரக்காரர்கள் பெரிய பம்பை மாட்டி ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு "நன்றாகச் சுத்தம் செய்தோம்" என்பார்கள். அவர்கள் சுத்தம் செய்தது எங்கிருந்தோ இழுத்துவந்த காற்றை.

கடைசியாக ஹீலியம் சோதனை. குழாய் தரைக்குள் நுழையும் இடத்தை ஒரு மூடியால் கவிழ்த்து, அதற்குள் ஹீலியத்தை நிரப்பி, உறிஞ்சி எடுக்கும் வாயுவில் ஹீலியம் வருகிறதா என்று பார்ப்பார்கள். மூடிக்குள் இருக்கும் செறிவில் 5 சதவீதத்துக்கு மேல் வந்தால் அடைப்பைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இந்த ஒரு வரி தாளில் இல்லையென்றால், உங்கள் மண்வாயு முடிவை இல்லாததாகவே எடுத்துக்கொள்வேன்.

பதிவு 3 · கணக்குப்பிள்ளை

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நான் சொத்துக் கொள்முதல்களில் செலவுப் பக்கத்தைப் பார்க்கிறவன். ஒரு மனையை ஆராயத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது. ஒவ்வொரு வல்லுநரும் இன்னொரு துளை போடச் சொல்வார். இங்கே நீரில் கிடைத்த அதிகபட்ச அளவு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். குடிநீருக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பே 5. அந்த நீரை இவர் குடிக்கப்போவதும் இல்லை.

நீரிலிருந்து ஆவி எழும்பி வீட்டுக்குள் வரும் என்பீர்கள். அதையும் கணக்கிட்டேன். 25 பாகை வெப்பத்தில் பெர்குளோரோஎத்திலீனின் ஹென்றி மாறிலி, அதாவது நீரிலுள்ள செறிவுக்கு அதையொட்டிய வாயுவின் செறிவு எத்தனை பங்கு என்ற விகிதம், அலகற்ற வடிவில், சுமார் 0.72. நீரில் 3 என்றால் அதையொட்டிய வாயுவில் லிட்டருக்கு 2.16 மைக்ரோகிராம், கன மீட்டருக்கு மாற்றினால் 2,160. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி, நிலத்தடி நீரிலிருந்து வீட்டுக்குள் வருவதற்கு 0.001 என்ற குறைவுக் காரணியை வைத்திருக்கிறது. ஆக வீட்டுக் காற்றில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். அதே முகமை குடியிருப்புக்கு வைத்திருக்கும் சலிப்பு அளவு, அதாவது தாண்டினால் மேலும் ஆராய வேண்டிய எல்லை, 11. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பதிவு 4 · நீரோட்டம்

கணக்குப்பிள்ளை அவர்களின் பெருக்கலில் தவறில்லை. ஆனால் மாசு நீரிலிருந்துதான் மேலே வருகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போட்ட கணக்கு அது.

உலர்சலவைக் கூடத்தில் கரைப்பான் எங்கெங்கே கொட்டும் என்று யோசித்துப் பாருங்கள்: இயந்திரத்தின் அடியில், பிரித்தெடுக்கும் தொட்டியின் கழிவுநீர் போகும் வடிகாலில், வடிகட்டிகளைப் போட்டு வைத்த பின்கட்டில். பெர்குளோரோஎத்திலீன் நீரைவிட 1.6 மடங்கு கனமானது. காங்கிரீட் தளத்தின் விரிசலிலும் வடிகால் இணைப்பிலும் எளிதாக இறங்கிவிடும். சிறிதளவே கொட்டியிருந்தால் நீர்மட்டம்வரை போகாமல் இடையிலுள்ள வறண்ட மண்ணிலேயே தங்கி, அங்கிருந்து பல ஆண்டுகள் ஆவியாகிக்கொண்டிருக்கும். மிகுதியாகக் கொட்டியிருந்தால் நீர்மட்டத்தையும் தாண்டி அடியில் உள்ள களிமண் அடுக்குவரை போய்ப் படுத்துக்கொள்ளும். பெட்ரோல் நீரின்மேல் மிதப்பது. அதோடு, மண்ணில் உயிர்வளி இருந்தால் நுண்ணுயிர்கள் பெட்ரோல் ஆவியைச் சில மீட்டர்களுக்குள் தின்று தீர்த்துவிடும். குளோரின் ஏறிய கரைப்பான்களுக்கு அந்த நல்வினை கிடையாது.

மனைதேடி அவர்களே, கிணறுகளைப் பற்றி எனக்கு மூன்று கேள்விகள். துளையிட்ட ஃபில்டர் பகுதி எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம்வரை இருக்கிறது? கிணற்று வாய்களின் உயரத்தை அளந்து, நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று வரைந்திருக்கிறார்களா? நீரை எதைக் கொண்டு எடுத்தார்கள்?

பதிவு 5 · மனைதேடி

களக்குறிப்புத் தாள்கள் நேற்றுக் கைக்கு வந்தன. பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஃபில்டர் பகுதி 6 மீட்டரிலிருந்து 12 மீட்டர்வரை. நீர்மட்டம் 7 மீட்டரில். மூன்று கிணறுகளிலும் நீர்மட்ட ஆழம் அளந்திருக்கிறார்கள், ஆனால் கிணற்று வாய்களின் உயரம் பதிவாகவில்லை. நீரைப் பெய்லரால் எடுத்திருக்கிறார்கள். மண்வாயு எடுத்ததற்கு முந்தைய நாள் "கனமழை" என்று குறிப்பு இருக்கிறது. ஹீலியம் என்ற சொல்லே எங்கும் இல்லை. கொள்கலனின் வெற்றிட அளவி தொடக்கத்தில் 29 அங்குலம் (பாதரச அளவில்), முடிவில் 0 என்று காட்டியதாக எழுதியிருக்கிறது. ஆய்வக அறிக்கையின் கடைசித் தாளில் உயிர்வளி 20.7 சதவீதம், கரியமில வாயு 0.05 சதவீதம் என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. அவை எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

பதிவு 6 · குப்பிக்காரர்

நான் ஆய்வகத்தில் மாதிரிகளைப் பெற்றுக்கொள்ளும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன். உங்களுக்கு விளங்காத அந்த இரண்டு எண்களில்தான் விடை இருக்கிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுகின்றன. அதனால் மண்வாயுவில் கரியமில வாயு பெரும்பாலும் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு கூடியும், உயிர்வளி குறைந்தும் இருக்கும். 20.7க்கு 0.05 என்பது நீங்களும் நானும் இப்போது சுவாசிக்கும் காற்று. கொள்கலனுக்குள் மண்வாயு ஏறக்குறைய இல்லவே இல்லை.

உள்ளே வெற்றிடமாக்கிக் களத்துக்கு அனுப்பும் இவ்வகைக் கொள்கலனைத் தொழிலில் "சும்மா கேனிஸ்டர்" என்பார்கள். உட்சுவரை மினுக்கும் முறையின் பெயர் அது. நம் மொழியில் வேறு பொருள் தருவதைப் புதியவர்கள் கேட்டுச் சிரிப்பதுண்டு. உங்கள் விஷயத்தில் அது நம் பொருளிலேயே பொருந்திவிட்டது. அளவி பூச்சியத்துக்கு வரும்வரை விடக் கூடாது. 5 அங்குல அளவுக்கு வெற்றிடம் மிச்சமிருக்கும்போதே வால்வைத் திருகி மூடிவிட வேண்டும். களத்தில் மீந்த 5 அங்குலம் ஆய்வகத்துக்கு வந்து சேரும்போதும் 5 ஆகவே இருந்தால் வழியில் கசியவில்லை என்று பொருள். பூச்சியத்தில் அனுப்பினால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

நீர் மாதிரியைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். ஆவியாகும் பொருள்களுக்கு 40 மி.லி. கண்ணாடிக் குப்பிதான் வழக்கம். நீர் வாய்க்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கும் அளவுக்கு நிரப்பி, மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். பட்டாணி அளவுக் குமிழி ஒன்று எழுந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். நாம் தேடும் பொருள் அந்தக் குமிழிக்குள் போய்விடும். கெடாமல் இருக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளிகள் சேர்த்து, 4 பாகைக் குளிரில் வைத்தால் 14 நாள் தாங்கும். சுண்ணாம்பு மிகுந்த நீரில் அமிலம் பட்டதும் சோடாபோலப் பொங்கும். பொங்கினால் அந்தக் குமிழிகளோடு மாசும் வெளியேறும். அப்படிப்பட்ட இடத்தில் அமிலம் சேர்க்காமல் எடுத்து 7 நாளுக்குள் ஆய்வு செய்துவிட வேண்டும். பெட்டியில் ஒரு பயண வெற்றுக் குப்பி, அதாவது ஆய்வகத்தில் தூய நீர் நிரப்பிக் களத்துக்குப் போய்த் திறக்கப்படாமலே திரும்பும் குப்பி, இருந்ததா என்றும் பாருங்கள்.

பதிவு 7 · நீரோட்டம்

பெய்லர் என்பது கயிற்றில் கட்டி இறக்கும் நீளக் குவளை. "தொப்" என்று நீரில் விழும். மேலே ஏறும்போது கிணற்று நீரையெல்லாம் கலக்கிவிடும். குப்பியில் ஊற்றும்போது இன்னொரு முறை காற்றுப்படும். மூன்று இடத்திலும் ஆவி தப்பிக்கிறது. உங்கள் 3 மைக்ரோகிராம் உண்மையில் 4ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்திருக்கக்கூடும்.

குறைபாய்வு முறை என்றால், பம்பை ஃபில்டர் பகுதியின் நடுவில் நிறுத்தி, நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி. மட்டும் இழுத்து, கிணற்றின் நீர்மட்டம் 10 செ.மீ.க்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்வார்கள். அமிலகார எண், மின்கடத்துதிறன், கரைந்த உயிர்வளி, கலங்கல் ஆகியவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறித்து, தொடர்ந்து மூன்று அளவீடுகள் ஏறக்குறைய ஒன்றாக வந்தபிறகே குப்பியை நிரப்புவார்கள். அமிலகார எண்ணில் 0.1, மின்கடத்துதிறனில் 3 சதவீதம் என்பவை வழக்கமான எல்லைகள்.

அதைவிட எனக்கு உறுத்துவது ஃபில்டரின் நீளம். நீரில் அமிழ்ந்திருக்கும் 5 மீட்டரில் அரை மீட்டர் அடுக்கில் மட்டும் மாசு ஓடினால், மற்ற நாலரை மீட்டர் நல்ல நீர் அதை நீர்த்துப்போகச் செய்துவிடும். இன்னொன்று, வாய்களின் உயரம் தெரியாமல் நீரின் திசை தெரியாது. திசை தெரியாமல், மூன்று கிணறும் கூடத்துக்கு மேற்புறத்தில் (நீர் வரும் பக்கம்) இருக்கின்றனவா கீழ்ப்புறத்தில் (நீர் போகும் பக்கம்) இருக்கின்றனவா என்று யாராலும் சொல்ல முடியாது. மேற்புறத்துக் கிணற்றில் கூடத்தின் மாசு பெரும்பாலும் தென்படாது. வினைல் குளோரைடையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். உயிர்வளி இல்லாத நீரில் பெர்குளோரோஎத்திலீன் படிப்படியாகச் சிதைந்து, தாய்ப்பொருளைவிடக் கொடிய அந்தப் பிள்ளையைப் பெற்றுப்போடும்.

பதிவு 8 · கணக்குப்பிள்ளை

மண்வாயு மாதிரி செல்லாது என்பதை ஏற்கிறேன், 20.7 என்ற எண்ணைப் பார்த்தபின் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் கிணறுகளை மறுபடி போடுவதற்கு முன், இருப்பதிலேயே குறைந்த செலவில் எது கூடுதல் விவரம் தருமோ அதை முதலில் செய்வதுதான் முறை. எதைச் செய்வீர்கள்?

பதிவு 9 · களத்துமேடு

கட்டடத்துக்குள்ளேயே தளத்தின் அடியில் மாதிரி. சுவருக்கு வெளியே மழையில் நனைந்த மண்ணைப் பற்றி நமக்குக் கவலையில்லை; மனிதர் படுத்துறங்கப் போகும் தரைக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பதே கேள்வி. தளம் குடைபோல் மழையைத் தடுப்பதால் அங்கே மண் காய்ந்தே இருக்கும். பழைய வடிகால், இயந்திரம் நின்ற இடம், அவற்றிலிருந்து விலகிய ஓர் அறை என மூன்று புள்ளிகள் போதும். ஆய்வகத்திடம் முன்னதாகவே எவ்வளவு தாழ்ந்த அளவைக் கண்டறிய முடியும் என்று கேட்டுவிடுங்கள். தளத்தடி வாயுவுக்கு முகமையின் காரணி 0.03, எனவே வீட்டுக்குள் 11 என்பதற்கு நிகராகத் தளத்தடியில் சுமார் 370 வரும். கண்டறியும் எல்லையே 500 என்றால் "இல்லை" என்ற பதிலுக்குப் பொருளில்லை.

பதிவு 10 · மனைதேடி

தாமதத்துக்கு மன்னிக்கவும். விற்பவரின் ஒப்புதல் பெற மூன்று வாரம் ஆயிற்று. வேறொரு குழுவை அமர்த்தி, நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். காங்கிரீட்டில் விரலளவு துளை போட்டு, ரப்பர் உறையிட்ட பித்தளை முனையை அதில் அறைந்து இறக்கினார்கள். அதைச் சுற்றிக் களிமண்ணால் வரப்புக் கட்டி உள்ளே நீர் ஊற்றி, நீர்மட்டம் இறங்குகிறதா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். இரண்டாவது புள்ளியில் நீர் மெல்ல வடிந்தது. ஒன்றும் பேசாமல் முனையைப் பிடுங்கி, துளையைத் துடைத்துவிட்டு, மறுபடி பொருத்தினார்கள். கொள்கலனை 5 அங்குலத்தில் மூடினார்கள்.

பெர்குளோரோஎத்திலீன், கன மீட்டருக்கு மைக்ரோகிராமில்: வடிகால் அருகே 5,800, இயந்திரம் நின்ற இடத்தில் 640, விலகிய அறையில் 90. மூன்றிலும் கரியமில வாயு 1 சதவீதத்துக்கு மேல்.

பதிவு 11 · நீரோட்டம்

கணக்குப்பிள்ளை அவர்கள் மூன்றாம் பதிவில் போட்ட கணக்கைத் திரும்ப எடுங்கள். லிட்டருக்கு 3 மைக்ரோகிராம் உள்ள நீர், தன்னை ஒட்டிய வாயுவுக்குத் தரக்கூடிய அதிகபட்சம் 2,160. அதுவும் நீர்மட்டத்தில், 7 மீட்டர் ஏறிவருவதற்குள் இன்னும் குறையும். பெய்லரில் பாதி போய்விட்டது என்றே வைத்து நீரில் 6 என்று கொண்டாலும் 4,320தான். தளத்துக்கடியில் 5,800 இருக்கிறது. அந்த ஆவியை அந்த நீர் தந்திருக்க இயலாது. மூலம் நீர்மட்டத்துக்கு மேலே, வடிகாலை ஒட்டிய வறண்ட மண்ணில் இருக்கிறது. கிணற்றில் கிடைத்த 3 அதன் சொட்டாக இருக்கலாம். நீரையும் வாயுவையும் இரண்டையும் எடுத்ததால்தான் இதைச் சொல்ல முடிகிறது.

பதிவு 12 · கணக்குப்பிள்ளை

என் கணக்கே எனக்கு எதிராகத் திரும்பியதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு நிதானம் தேவை. 5,800ஐ 0.03ஆல் பெருக்கினால் 174. உலகச் சுகாதார அமைப்பு 2010இல் உள்ளரங்கக் காற்றுக்குத் தந்த ஆண்டுச் சராசரி வழிகாட்டி அளவு 250. அதற்கு இது கீழேதானே?

பதிவு 13 · களத்துமேடு

கீழேதான்; ஆனால் அமெரிக்க முகமையின் 11க்கு மேலே. இரண்டும் வெவ்வேறு பாதிப்புகளை வைத்து வகுத்த அளவுகள்: 250 என்பது முதன்மையாகச் சிறுநீரகப் பாதிப்பைக் கொண்டும், 11 என்பது பத்து லட்சத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்ற மட்டத்தைக் கொண்டும். தவிர, 0.03 என்பது பெரும்பாலான வீடுகளுக்கு மிகையான காரணி. இந்தத் தளத்தில் உண்மையான குறைவு அதைவிட அதிகமாக இருக்கலாம். இனி ஊகிக்க வேண்டாம். அறைக் காற்றை நேராக அளந்துவிடுங்கள்: 6 லிட்டர் கொள்கலன், 24 மணி நேரம், மூச்சுவிடும் உயரத்தில். அதே நேரத்தில் வெளியே ஒன்று, தளத்தடியில் ஒன்று. முந்தைய நாளிலிருந்தே சன்னல்கள் மூடியிருக்கட்டும். குளிர்காலத்தில் ஒருமுறை, வெயில்காலத்தில் ஒருமுறை எடுங்கள். வீட்டுக்குள் வெப்பமும் வெளியே குளிருமாக இருக்கும்போதுதான் கட்டடம் தரைக்கடியிலிருந்து காற்றை அதிகம் இழுக்கும்.

அளவு கூடுதலாக வந்தாலும் மலைக்க வேண்டாம். தளத்தடியில் குழாய் செருகி விசிறியால் காற்றை இழுத்துக் கூரைக்கு மேலே வெளியேற்றும் அமைப்பு, ரேடான் வாயுவுக்கெனப் பல காலமாகப் புழக்கத்தில் இருப்பது. இதற்கும் அதே வேலைதான். அதன் செலவையும் வடிகாலோரத்து மண்ணை அகற்றும் செலவையும் விலைப்பேச்சில் வையுங்கள்.

பதிவு 14 · குப்பிக்காரர்

மாதிரிக்கு முன்னால் அறைகளை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். உலர்சலவையிலிருந்து வந்த சட்டை ஒன்று தொங்கினாலே பெர்குளோரோஎத்திலீன் காட்டும். கறைநீக்கி, பசை, வாகனப் பிரேக் கழுவும் தெளிப்பான் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

பதிவு 15 · மனைதேடி

நல்ல வேளையாகச் சொன்னீர்கள். இன்று காலையில் போய்ப் பார்த்தேன். பின்கட்டு அலமாரியில், மூடி துருப்பிடித்துப் பாதி திறந்த நிலையில், முந்தைய கூடத்துக்காரர் விட்டுப்போன கறைநீக்கி டப்பா ஒன்று இருந்தது. அடியில் இன்னும் கொஞ்சம் நீர்மம் ஆடியது. படம் எடுத்துக்கொண்டு, முறைப்படி அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டேன். அறைகளைத் திறந்து காற்றாட விட்டிருக்கிறோம். மாதிரி எடுப்பதை ஒரு வாரம் தள்ளிவைத்தாயிற்று. முடிவுகள் வந்ததும் இங்கேயே இடுகிறேன்.